ரேட்டிங்: பத்துக்கு எத்தனை?

புது ராப் ஆல்பம் என்றால் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வரும். 2015 ஜூலையில் இசை நிறுவனங்கள் உலகம் முழுமைக்கும் வெள்ளியைப் பொதுவான வெளியீட்டு நாளாக வைத்துக்கொண்டதிலிருந்து இதுதான் வழக்கம். பீளமேட்டுக்கோ பெருந்துறைக்கோ காலேஜ் பஸ்ஸில் போகிற பையன் ஹெட்போனை மாட்டிப் பாதி ஆல்பத்தைத் தாண்டியிருக்க மாட்டான், பக்கத்து சீட்டுக்காரன் கேட்டுவிடுவான்: "மாப்ள, ரேட்டிங் எவ்வளவு?" பதிலும் உடனே வரும். "பத்துக்கு ஏழரை. பீட்டு நெம்ப நல்லாருக்குடா, வரியிலதான் புதுசா ஒண்ணும் இல்ல."

இதில் ரேட்டிங் எது? ஏழரை என்ற எண்ணா, அந்த எண்ணைப் போடுகிற வேலையா, பீட்டையும் வரியையும் பிரித்துச் சொன்ன தீர்ப்பா? பேசும்போது மூன்றும் ஒன்றாகவே ஓடிவிடும். தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் கை நிற்கும். ஒருவர் தரவரிசை என்கிறார், இன்னொருவர் தரமதிப்பீடு என்கிறார், அடுத்தவர் மதிப்பெண் என்கிறார். எதை எங்கே வைப்பது என்று தெரிய, சொல் வந்த வழியை ஒருமுறை பார்த்துவிடலாம்.

கொங்கு நாட்டுக்கு ரேட்டிங் வருவதற்கு வெகுகாலம் முன்பே ரேட்டு வந்துவிட்டது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் "விரலி என்ன ரேட்டுங்க, கிழங்கு என்ன ரேட்டுங்க" என்று கேட்பவருக்கு அது ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே இருக்காது. ரேட்டு ஏறும், இறங்கும், படியும், கட்டுபடியாகாது. இத்தனை வினைகளோடு சேர்ந்து புழங்கும் சொல்லை இனி வந்தேறி என்று ஒதுக்க முடியாது. ரேட்டிங் அதன் உடன்பிறப்பேதான். ஆனால் அது கடைசியில் வந்ததால் இன்னும் ஆங்கில வாலோடு திரிகிறது.

இரண்டுக்கும் மூலம் லத்தீன். 'ப்ரோ ராட்டா பார்ட்டே' என்றொரு தொடர் அங்கே கணக்கு வழக்கில் இருந்தது. கணக்கிட்ட பங்கின்படி என்று பொருள். அதிலிருந்து ராட்டா மட்டும் தனியே கழன்று, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ரேட் ஆனது. அதன் அடியில் இருக்கும் லத்தீன் வினைக்குக் கணக்கிடுதல், கருதுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. நமக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. தமிழில் எண்ணுதல் என்றாலும் அதே இரண்டுதான்: காசையும் எண்ணலாம், மனதுக்குள்ளும் எண்ணலாம். விகிதத்தைக் குறிக்கும் ரேஷியோ, காரணத்தைக் குறிக்கும் ரீசன் என்ற ஆங்கிலச் சொற்களும் இந்தக் குடும்பம்தான். எண்ணைச் சொன்னவன் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று சண்டை போடும் ரசிகர்கள், தெரியாமலே சொல்லின் வேருக்கு நியாயம் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் திட்டுவதைக் குறிக்கும் இன்னொரு பழைய ரேட்டும் உண்டு. அதற்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் பிடிக்காத ஆல்பம் வந்த வாரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

விலைக்கணக்கிலிருந்து தரக்கணக்குக்கு இந்தச் சொல் நகர்ந்ததில் கப்பல்களுக்கும் பங்குண்டு. பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்களைப் பீரங்கிகளின் எண்ணிக்கையை வைத்து ஆறு ரேட்டாகப் பிரித்தது. நூறும் அதற்கு மேலும் பீரங்கி வைத்திருந்தவை முதல் ரேட். நம் பெரியவர்கள் நல்ல காபியைக் குடித்துவிட்டு "பஸ்ட் ரேட்" என்று சொன்னது அங்கிருந்து வந்தது. கடற்படையில் சாதாரண மாலுமிக்கே ரேட்டிங் என்றுதான் பெயர். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கிளர்ந்தெழுந்தவர்கள் அந்த ரேட்டிங்குகள்தான்.

கலைக்கும் ஊருக்கும் சாப்பாட்டுக்கும் குறி போடும் பழக்கம் பிறகு வந்தது. 1820-இல் மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலப் பெண்மணி தன் பயணக் கையேட்டில் பார்க்கத்தக்க ஓவியங்களுக்கு வியப்புக்குறி போட்டார். நன்றாக இருந்தால் ஒன்று, இன்னும் நன்றாக இருந்தால் இரண்டு, மூன்று. இன்று பாட்டுக்குக் கீழே வரிசையாக நெருப்புப் பொம்மை போடுகிறவர்கள் செய்வதும் அதுவேதான். பிரான்சில் மிஷலின் டயர் நிறுவனத்தின் கையேடு 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது.

ராப் பிறந்த ஹிப்ஹாப் உலகம் இதையெல்லாம் எடுத்துத் தன் பாணிக்கு மாற்றிக்கொண்டது. 1988-இல் தொடங்கிய தி சோர்ஸ் பத்திரிகை நட்சத்திரத்துக்குப் பதில் மைக் கொடுத்தது. ஐந்து மைக் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. நியூயார்க் ராப்பர் நாஸ் தன் முதல் ஆல்பமான இல்மாட்டிக்குக்கு 1994-இல் ஐந்து மைக் வாங்கினார். அதை ஒரு பட்டம் மாதிரி இன்றும் சொல்கிறார்கள். எக்ஸ்எக்ஸ்எல் பத்திரிகையின் கணக்கு இன்னும் வேடிக்கை. அங்கே ஆல்பத்துக்கு பனியன் சைஸ் போட்டார்கள்: எஸ், எம், எல், எக்ஸ்எல், உச்சத்துக்கு எக்ஸ்எக்ஸ்எல். திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் எஸ் என்பது குறை என்று சொன்னால் சிரிப்பார், அவருக்கு எல்லா சைஸும் ஆர்டர்தான். பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழோ பத்துக்குத் தசமப் புள்ளி வைத்துக் கொடுக்கும். 2010-இல் ராப்பர் கான்யே வெஸ்ட்டின் ஆல்பம் ஒன்றுக்கு முழுப் பத்தும் விழுந்தது செய்தியானது.

பத்துக்கு இத்தனை என்ற இன்றைய வாய்ப்பாடு இப்படி வேரூன்றியது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தமிழ்ச்சொல்லுக்குப் போக முடியாது. அமெரிக்கப் பள்ளிகளில் நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே போனால் பெரும்பாலும் தோல்வி. அங்கே படித்தவன் ஒரு ஆல்பத்துக்கு ஐந்து போட்டால் அது ஃபெயில் என்று அர்த்தம். ஏழு என்றால் தப்பித்தது. நம் பத்தாம் வகுப்பில் முப்பத்தைந்து எடுத்தாலே பாஸ். அந்தக் கணக்கில் பத்துக்கு ஐந்து கௌரவமான எண். இருந்தும் கோயமுத்தூர்ப் பையன் இன்று ஐந்து போட்டால், கூட்டாளிகள் அந்த ராப்பரை அவன் அவமானப்படுத்திவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லோடு சேர்த்து அவர்களுடைய பாஸ் மார்க்கையும் நாம் இறக்குமதி செய்துவிட்டோம். நான்கும் மூன்றும் யாருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன.

இனி தமிழ்.

தரவரிசை என்ற சொல்லை முதலில் தள்ளிவைத்துவிடலாம். வரிசை என்றால் ஒன்றுக்குப் பின் ஒன்று நிற்க வேண்டும். முதலாவது, இரண்டாவது என்று இடம் வேண்டும். ஒரே ராப்பரின் ஐந்து ஆல்பங்களை மேலிருந்து கீழாக அடுக்கினால் அது தரவரிசை, ஆங்கிலத்தில் ரேங்கிங். ஒற்றை ஆல்பத்துக்கு ஏழரை கொடுத்ததில் வரிசை எங்கே இருக்கிறது? டிவிக்காரர்களின் 'டிஆர்பி ரேட்டிங்'கைத் தரவரிசை என்று செய்திகளில் பெயர்த்ததால் வந்த குழப்பமாக இருக்கலாம். அதுவே நடுசென்டர் மாதிரியான தொடர். டிஆர்பியில் இருக்கும் ஆர் எழுத்தே ரேட்டிங்தான்.

அடுத்தது அளவீடு. இதையும் சிலர் எழுதுகிறார்கள், இதுவும் பொருந்தாது. கோவை நூற்பாலையில் நாற்பதாம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நூல் கட்டு, அதாவது சிட்டம், நாற்பது தேறும் என்று கணக்கு. யார் அளந்தாலும் நாற்பதுதான். அளப்பவருக்கு அந்த நூல் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆல்பத்தின் ஏழரைக்கு அப்படித் தராசு கிடையாது. செஸ் ஆட்டக்காரரின் ரேட்டிங் நூல் நம்பர் பக்கம் நிற்பது. ஜெயித்த தோற்ற கணக்கை வைத்துச் சூத்திரத்தில் வருவது. அதற்குத் தரப்புள்ளி என்பது சரியாகவே பொருந்தும். ரசிகன் போடும் எண்ணுக்கு வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல் மதி என்ற வினையில் இருக்கிறது. மதித்தல் என்றால் இவ்வளவு பெறும் என்று கணித்தல். மரியாதை கொடுத்தலும் மதித்தல்தான். "மாட்ட மதிச்சுச் சொல்லுங்க" என்று சந்தையில் கேட்கிறவரும், "என்னை மதிக்கவே மாட்டேங்கறான்" என்று வீட்டில் புலம்புகிறவரும் ஒரே வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரசிகனின் ரேட்டிங்கில் இந்த இரண்டும் கலந்தே இருக்கிறது. தன் ஆளுக்கு அரை மார்க் கூடப் போடுவது அதனால்தான்.

மதிப்பிடு என்பது செயல். மதிப்பீடு என்பது அந்தச் செயலும் அதன் முடிவும். மதிப்பெண் என்பது எண் மட்டும். ரிவ்யூ என்று சொல்கிற பேச்சுக்கோ எழுத்துக்கோ மதிப்புரை. விமர்சனம் வடமொழியிலிருந்து வந்து நிலைத்தது, திறனாய்வு கல்லூரித் தமிழ். இரண்டையும் வெள்ளிக்கிழமை பஸ் பேச்சுக்கு இழுக்க வேண்டாம். மதிப்பெண்ணில் பரீட்சை வாடை அடிக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அடிக்கட்டும். பத்துக்கு இத்தனை என்று எண் போடும் பழக்கமே வகுப்பறைக் கணக்குதானே, சொல் மட்டும் எப்படி வேறு வாசம் வீசும்?

பத்தை வைத்துத் தரம் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. பொன்னின் தூய்மையை மாற்று என்ற அலகால் சொன்னார்கள். கட்டளைக்கல்லில் உரசி, விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்த்து எத்தனை மாற்று என்று தீர்ப்பார்கள். உச்சம் பத்தரை மாற்று. பிட்ச்ஃபோர்க்கே பத்தோடு நிற்கிறது, நம் பத்தர்கள் அரை கூடவே கொடுத்திருக்கிறார்கள். காசு நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே பெயரில் வண்ணக்கன் என்று சேர்த்துக்கொண்டவர்கள் பலர் உண்டு. வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்த, நொய்யல் கரைக் கொடுமணலில் மணிக்கல் பட்டை தீட்டிய நாட்டில், பொருளை நோக்கித் தரம் சொல்லும் கண்ணுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

இன்னொரு சொல்லை இங்கே விட மனமில்லை: நயம். மளிகைக்கடையில் நயம் மிளகு, நயம் நல்லெண்ணெய் என்றால் முதல் தரம். தமிழ்ப் பரீட்சையில் இலக்கிய நயம் பாராட்டுக என்றால் பாட்டின் அழகை எடுத்துச் சொல்ல வேண்டும். சரக்கின் தரத்துக்கும் பாட்டின் சுவைக்கும் ஒரே சொல். ராப்பை நாம் சொல்லிசை என்கிறோம். எதுகை எங்கே விழுகிறது, மூச்சை எங்கே விடுகிறார், ஒரே சொல்லை இரண்டு பொருளில் எப்படிச் சுழற்றுகிறார் என்று பிரித்துக் காட்டுவது சுத்தமான நயம் பாராட்டல். எண்ணே இல்லாமல் ஒருவர் அப்படி எழுதினால், அதற்கு மதிப்புரையைவிட நயவுரை என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ரேட்டிங்குக்கு அது ஈடாகாது என்பது வேறு விஷயம்.

நடுத்தரத்துக்கு நாம் சொல்லும் சுமார் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கணக்கு, எண்ணிக்கை என்று பொருள். அதனால் "ஆல்பம் சுமாருங்க" என்கிறவரும் ஒரு வகையில் எண் போட்டவர்தான்.

கோவையிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழா ஆதி 2012-இல் ஹிப் ஹாப் தமிழன் ஆல்பத்தைக் கொண்டுவந்த காலத்தில், இங்கே பெரும்பாலோர் பாட்டுப் பாட்டாகத்தான் பேசினார்கள். சினிமாப் பாட்டுப் பழக்கம் அது: நாலு பாட்டு தேறும், ஒன்று ஹிட்டு. ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே பொருளாகக் கேட்டு எண் போடும் பழக்கம் ராப் ரசிகர்களிடம்தான் இப்போது பரவியிருக்கிறது. ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுப்பவர்களும் உண்டு. அப்போது ஒவ்வொன்றும் மதிப்பெண், கூட்டி வகுத்தது சராசரி மதிப்பெண். ஆல்பம் முழுதுக்கும் சொல்லும் தீர்ப்பு மதிப்பீடு. சராசரி எட்டு வந்து மதிப்பீடு ஆறரையாக இருக்கலாம்; நல்ல பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அப்படித்தான் ஆகும்.

எழுதும்போது "இந்த ஆல்பத்துக்கு என் மதிப்பெண் பத்துக்கு ஏழரை" என்று போடலாம். "ரசிகர்களின் மதிப்பீட்டில் முந்தைய ஆல்பம் மேல்" என்றும் எழுதலாம். ஓவர்ரேட்டடுக்கும் அண்டர்ரேட்டடுக்கும் மிகைமதிப்பு, குறைமதிப்பு என்று கட்டலாம், ஆனால் வாயில் நிற்காது. இதற்கு ஊர்ப்பேச்சே போதும். முதலாவதை "சும்மா தூக்கி வெச்சுப் பேசறாங்க" என்று முடித்துவிடலாம். இரண்டாவதற்கு "நல்ல சரக்குங்க, ஒருத்தரும் கண்டுக்கல."