விட்ட பிறகு வரும் இருமல்

"சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன் டாக்டர். விட்டதுக்கு அப்புறம்தான் இந்த இருமல்."

நுரையீரல் மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். ஆள் மாறுவார், வாக்கியம் மாறாது. கொஞ்சம் தயங்கிவிட்டு மிச்சத்தையும் சொல்வார்கள்: "ஒண்ணே ஒண்ணு பத்த வச்சுப் பார்த்தேன். அடங்கிடுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அடங்கியிருக்கும். சிக்கலே அங்கேதான்.

மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் உண்டு. சிலியா என்போம். நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்கு ஏற்றிவிடுவது அவற்றின் வேலை. நாம் அதைத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். புகை இந்த இழைகளை முதலில் மந்தமாக்குகிறது. வருஷக்கணக்கில் தொடர்ந்தால் உதிரவே வைக்கிறது. இன்னொரு பக்கம் சளிச் சுரப்பிகள் பெருத்துப்போய் அதிகமாகச் சுரக்கின்றன. கூட்டுகிற ஆள் குறைந்து குப்பை கூடிய வீடு மாதிரி. போதாததற்கு, புகைப்பவரின் இருமல் உணர்வும் மழுங்கிக் கிடக்கும்.

சிகரெட்டை நிறுத்திய சில வாரங்களில் அந்த உணர்வு திரும்புகிறது, இழைகளும் அசையத் தொடங்குகின்றன. தேங்கிக் கிடந்ததெல்லாம் மேலே வருகிறது. ஆகவே இருமல். பெரும்பாலும் சில வாரங்களில் குறையும், சிலருக்குச் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் எல்லா இருமலையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மாறிப்போன குரல், கூடிக்கொண்டே போகும் மூச்சிரைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதையெல்லாம் சொன்னதில்லை. "விட்டுடுங்க" என்பதோடு சரி. இருமலுக்குப் பயந்து மறுபடி பிடிக்கத் தொடங்கியவர்களில் சிலருக்காவது நான்தான் பொறுப்பு.

இப்போது, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறேன்: எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்? அரை மணிக்குள் என்றால் பிடி இறுகியிருக்கிறது. ஐந்து நிமிஷம் என்றால் ரொம்பவே. ரத்தத்தில் நிகோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. இரவு முழுக்கத் தூங்கி எழுபவரின் மூளை காய்ந்துபோய்க் காத்திருக்கும். "காலையில ஒரு தம் போட்டாத்தான் தெளிவா இருக்கு" என்கிறாரே, அந்தத் தெளிவின் பெரும்பங்கு நேற்றைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பு தணிவதுதான். இழுத்த இருபது நொடிக்குள் மூளைக்கு எட்டிவிடும் ஒரு பொருளோடு மல்லுக்கட்டுபவரிடம், "மனசு வச்சா விட்டுடலாம்" என்று கூட வந்த உறவினர் உபதேசிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். மனசு வைத்ததால்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்?

தவிப்பு முதல் வாரத்தில்தான் உச்சம். அதற்கு மாத்திரை உண்டு, ஒட்டும் பட்டை உண்டு, நிகோட்டின் சூயிங்கம் உண்டு. அந்தச் சூயிங்கத்தைப் பலரும் சாதாரண மிட்டாய் போல மென்று தள்ளுகிறார்கள். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததும் "எனக்கு ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெதுவாகச் சில தடவை மெல்ல வேண்டும். நாக்கில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்லலாம். நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், வயிற்றுக்குப் போனால் வீண். காபியோ பழச்சாறோ குடித்தால் கால் மணி நேரம் பொறுத்துத்தான் வாயில் போட வேண்டும்.

"இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போகுது?" என்பவர்களுக்கு என் பதில், பிரிட்டனில் 1951ல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் மருத்துவர்களையே பின்தொடர்ந்த ஆய்வு. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். நாற்பதில் விட்டவர்கள் அதில் ஒன்பதை மீட்டார்கள். அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று ஆண்டு கிடைத்தது. சிதைந்த காற்றறைகள் திரும்ப முளைக்காது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நுரையீரல் திறன் சரியும் வேகம் குறையும். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் ஆறு நொடி ஊத முடியாமல் பாதியில் கருவியை விட்டு வாயை எடுப்பவருக்கு, அந்த வேகம் குறைவதே மாடிப்படிக்கும் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போதெல்லாம் மருந்துச்சீட்டின் அடியில் ஒரு வரி எழுதிக் கொடுக்கிறேன்: 'இருமல் கூடலாம். பத்த வைக்கும் முன் எனக்குப் போன் செய்யவும்.' செய்கிறார்கள். "வந்துடுச்சு டாக்டர்" என்று, ஏதோ எதிர்பார்த்த விருந்தாளி வந்ததுபோல. சளி என்ன நிறம் என்று கேட்டுக்கொள்கிறேன்.