பழைய தூண்டில் ரீலைத் திறப்பதற்கு முன்: ஆசிட் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

போன மாதம் திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். பிளாஸ்டிக் பையில் ஒரு பழைய மீன் தூண்டில் ரீல், பென் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது. தாத்தா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்ததாம். இருபது வருடமாகப் பரணில் கிடந்திருக்கிறது. "அண்ணே, ஒரு ஸ்க்ரூ கூட அசையல. அதான் பாத்ரூம் ஆசிட்ல ஒரு ராத்திரி ஊறப் போட்டேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன், மனசே கேட்கவில்லை. பக்கத் தட்டைச் சுற்றியிருக்கும் வளையங்களில் குரோம் பூச்சு போய்விட்டது. அடியிலிருந்த பித்தளை செம்பு மாதிரி சிவந்து கிடந்தது. பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகத்தை ஆசிட் தின்றுவிட்டால் அப்படித்தான் ஆகும். நூல் சுற்றும் அலுமினிய ஸ்பூல் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள். எந்த ஸ்க்ரூவுக்காக இதையெல்லாம் செய்தாரோ அது மட்டும் அப்படியே இறுகி உட்கார்ந்திருந்தது.

ராயபுரத்தில் 18 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். படகு இன்ஜின்தான் பிழைப்பு. ரீல் வேலை ஆசைக்குத் தொடங்கியது, அதுவும் தொழிலோடு சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாளில், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களின்மேல் கொடுவா மீனுக்கும் பாறை மீனுக்கும் உட்காரும் ஆட்கள் கூடிவிடுவார்கள். அப்போது பரணில் கிடந்த ரீல்கள் எல்லாம் வெளியே வரும். கப்பல்காரர்கள் கொண்டுவந்தவை, பர்மா பஜாரில் எப்போதோ வாங்கியவை. உப்பு கெடுத்த ரீலை என்னால் பெரும்பாலும் எழுப்பிவிட முடிகிறது. வீட்டில் கழற்றப் போய்க் கெட்ட ரீல் வந்தால்தான் கை கட்டிப்போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்க்ரூ ஏன் இறுகுகிறது என்று தெரிந்தால் சுத்தியலை எடுக்கத் தோன்றாது. உடம்பு அலுமினியம், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் கடல் தண்ணீர் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். கடல் தண்ணீரில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு இருக்கிறது, மின்சாரம் ஓட அது தாராளம். இதில் கரைவது ஸ்டீல் அல்ல, அலுமினியம். கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறி மரைக்குள்ளேயே தங்கும். அந்தப் பொடிக்கு, கரைந்த உலோகத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி அதுதான் இறுக்கிப் பிடிக்கிறது. ஸ்க்ரூ பளபளவென்று புதுசாகத் தெரியும், ஆனால் அசையாது. தலை மழுங்கும்வரை திருகுபவர்கள் ஏமாறுவது இந்தப் பளபளப்பில்தான்.

பச்சைக் களிம்பு பித்தளையில் வருவது. பார்க்கப் பயமாக இருந்தாலும் மேலோடு நிற்பதுதான் அதிகம். சாதாரண வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, கழற்றி எடுத்த பித்தளைப் பாகத்தை மட்டும் பத்து நிமிஷம் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். அலுமினியத்தையும் மெக்னீசிய உடம்பு ரீல்களையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்பிரிங்கிலும் பேரிங்கிலும் வரும் சிவப்புத் துருவோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவற்றை மாற்றிவிடுவதே நல்லது.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். முதலில் எண்ணெய் இல்லை, தண்ணீர். உப்பு எண்ணெயில் கரையாது. உப்புக்கட்டியின்மேல் எண்ணெயை ஊற்றினால் அது உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கொஞ்சம் விட்டு, ரீலை ஒரு பகல் ஊற வையுங்கள், இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றுங்கள். மீன் இழுக்கும்போது நூலை அளவாக விடும் பிரேக்தான் டிராக். அதன் வாஷர் ஸ்பூலுக்குள் இருந்து, அது தோலோ ஃபெல்ட்டோ என்றால், கையோடு கழற்ற வருமானால், ஸ்பூலைத் தனியே எடுத்துவிட்டு ஊற வைக்கலாம். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் பக்கத்தில் பல வீட்டு போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவி அப்படியே காயவிட்டால் மறுபடி உப்பைப் பூசிய மாதிரி. மெட்ரோ தண்ணீரில் கழுவுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு, ஸ்க்ரூ தலையின் வெட்டில் அடைந்திருக்கும் அழுக்கை ஊசியால் சுரண்டி எடுங்கள். டிரைவர் அந்த வெட்டில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். பழைய பென் ரீல்களில் ஒற்றை வெட்டுதான். அதற்கென்று ஒரு டிரைவரின் நுனியைச் சாணையில் பிடித்து அளவாக்கி வைத்திருக்கிறேன். ஜப்பான் ரீல்களில் வரும் ஸ்டார் ஸ்க்ரூ ஜே.ஐ.எஸ். அளவு, அதாவது ஜப்பான் நாட்டுத் தர அளவு, கடையில் கிடைக்கும் சாதாரண ஃபிலிப்ஸ் டிரைவர் அதில் அடிவரைக்கும் இறங்காது, திருகும்போது மேலே ஏறி வழுக்கும். நான் பார்த்த மழுங்கிய தலைகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள். மறுநாளும் ஒரு சொட்டு, அதோடு டிரைவரை வெட்டில் வைத்து அதன் பின்பக்கத்தில் லேசாகத் தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய்க்கு வழி கிடைக்கும். முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்துங்கள். வலப்பக்கம் திருகினால் கழலும் இடது மரையும் சில இடங்களில் வரும். திரும்பவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் திசை சரிதானா என்று பாருங்கள்.

மூன்று நாளிலும் வரவில்லையா? அப்புறம்தான் சூடு. எண்ணெயைத் துடைத்து உலரவிட்டு, சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் இரண்டு நிமிஷம் வைத்து எடுங்கள். அந்தச் சூடு ஸ்க்ரூ வழியாக அலுமினியத்துக்கும் போகும். ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும். விரிந்து சுருங்கும்போது அந்த வெள்ளைப் பொடியின் பிடி விரிசல் விடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டு எண்ணெய். நாலு தடவை இப்படிச் செய்துதான் சில ஸ்க்ரூக்களை எடுத்திருக்கிறேன். நெருப்பை நேராகக் காட்டவே கூடாது. பேக்லைட் தட்டு வெடித்துவிடும், பிளாஸ்டிக் உடம்பு கோணிவிடும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஊற்றுபவர்கள் உண்டு. இளக்குவது உண்மைதான், ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பிளாஸ்டிக்கையும் கரைக்கும். அதைப் போட்ட அன்று சூடு வைக்க வேண்டாம்.

தலை முறிந்துவிட்டால் பதறாதீர்கள். மற்ற ஸ்க்ரூக்களை எடுத்துத் தட்டைத் தூக்கினால் பல நேரம் கொஞ்சம் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வைஸ் கிரிப்பால் பிடித்து மெல்ல ஆட்டி எடுத்துவிடலாம். உள்ளோடு முறிந்ததைக் கை டிரில்லால் தொடாதீர்கள். ஸ்டீல் கடினம், அலுமினியம் மெது; டிரில் பிட் மெதுவான பக்கம் சறுக்கிவிடும், துளை ஓரமாகப் போய்விடும். நடுவில் பஞ்ச் வைத்து, டிரில் பிரஸ்ஸில் பிடித்துச் செய்யும் வேலை அது. பக்கத்து லேத்தில் கொடுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். நூலை ஸ்பூலுக்கு வழிகாட்டும் கம்பி வளையமான பெயிலின் ஸ்பிரிங் தெறித்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். ஆசிட் பற்றி ஒன்று கட்டாயம் சொல்லியாக வேண்டும். பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. சிங்க் அடைப்புக்குப் போடும் காஸ்டிக் பொடியில் அலுமினியத்தைப் போட்டால் கொதித்து, ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் பற்றிக்கொள்ளும். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே போனில் படம் எடுத்து, முட்டை அட்டையில் வரிசையாக வையுங்கள். நன்றாகச் சுற்றுகிற, இறுக்கி அடித்த பேரிங்கையும் ரிவெட்டையும் சுத்தமாக இருக்கட்டுமே என்று பிடுங்க வேண்டாம். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூ மரையிலும் கொஞ்சம் மரைன் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை கழற்றப் போவதும் நீங்கள்தானே.

திருவொற்றியூர்த் தம்பியின் ரீலில் நாலாவது நாள் எல்லா ஸ்க்ரூவும் வந்துவிட்டது. உள்ளே கியர் நன்றாகவே இருக்கிறது, பழைய கிரீஸ் கெட்டியாகிக் காப்பாற்றியிருக்கிறது. வளையங்களைப் பித்தளையாகவே பாலிஷ் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்பூலுக்கு மட்டும் உடைந்த ரீல் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தாத்தாவிடம் அவர் இன்னும் சொல்லவில்லையாம்.