சுற்றுச்சூழல் பாதுகாப்பும் சூழல் ஏமமும்

'பிராந்தியப் பாதுகாப்பில் சுற்றுச்சூழல் பாதுகாப்பின் பங்கு.' இந்த வகைத் தலைப்பைச் சென்னையில் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் நாளிதழ்களின் நடுப்பக்கக் கட்டுரைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் சலிக்கச் சலிக்கப் பார்த்துவிட்டேன். படிப்பவர் என்ன நினைப்பார்? மரம் நட்டால், நெகிழிப் பையை ஒழித்தால், எல்லையில் படைகளுக்கு வேலை குறையும் என்று நினைப்பார். உள்ளே பேசப்படுவதோ முற்றிலும் வேறு. கடல்மட்டம் உயர்ந்தால் வங்கதேசத்தின் தாழ்நில மக்கள் எங்கே போவார்கள்? இமயத்தின் பனியாறுகள் சுருங்கினால் சிந்துவையும் கங்கையையும் பங்கிட்ட உடன்பாடுகள் தாங்குமா? சராசரியாகக் கடலிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள மாலத்தீவு நாளை எந்த நிலத்தில் நாடாக இருக்கும்? இத்தனை பெரிய கேள்விகளை 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல் மரக்கன்று விழாவாக ஆக்கிவிடுகிறது. அந்த இடத்தில் 'ஏமம்' என்ற பழைய தமிழ்ச் சொல்லை வைக்கலாம் என்பதே என் வாதம்.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே 'பாதுகாப்பு' என்று மொழிபெயர்க்கப்படுவது ஆங்கிலத்தின் 'செக்யூரிட்டி'. அது லத்தீனின் 'செக்யூரிடாஸ்' வழியாக வந்தது. 'சே' என்றால் இல்லாமல், 'கூரா' என்றால் கவலை. ஆக, கவலையற்றிருக்கும் நிலை. நம்முடைய 'பாதுகாப்பு' காத்தல், காவல், காப்பு என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அடி 'கா' என்னும் வினை. முன்னது நிலையைச் சொல்கிறது, பின்னது செயலைச் சொல்கிறது. செயல் என்றால் காப்பவர் வேண்டும், காக்கப்படும் பொருள் வேண்டும், எதிரியும் வேண்டும்.

நீண்ட காலம் இந்த வேறுபாடு யாரையும் தொந்தரவு செய்யவில்லை. நாட்டின் செக்யூரிட்டி என்றால் எல்லை, படை, பகைவன். அதற்குப் 'பாதுகாப்பு' போதுமானதாக இருந்தது. பிறகு கருத்து விரிந்தது. சூழலையும் வளர்ச்சியையும் ஆராய ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் 1987ஆம் ஆண்டு அறிக்கை அமைதியையும் சூழலையும் சேர்த்துப் பேசியது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994ஆம் ஆண்டு மனித வளர்ச்சி அறிக்கை, பொருளாதாரம், உணவு, உடல்நலம், சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என ஏழு வகையாக மனிதரின் அச்சமற்ற வாழ்வைப் பிரித்துக் காட்டியது. 2007 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவையே காலநிலை மாற்றத்தை முதன்முறையாக விவாதித்தது. கருத்து இவ்வளவு தூரம் நடந்துவிட்டது. நம் மொழிபெயர்ப்பு இன்னும் காவல் சாவடியில் நிற்கிறது.

'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே உறுதியான பொருள் உண்டு. 1986ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய சட்டத்தின் பெயரே சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். அதில் மனிதன் காப்பவன், சூழல் காக்கப்படுவது. நாம் பேசும் பொருளில் திசை தலைகீழ்: சூழல் தாங்கினால்தான் மனிதன் அச்சமின்றி இருக்க முடியும். ஒரே தொடரை இரண்டு எதிர்த் திசைகளுக்கும் வைத்துக்கொண்டு, வாசகர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று மொழிபெயர்ப்பாளர்கள் வாதிடுகிறார்கள். புரிந்துகொள்வதில்லை. உணவு விஷயத்தில் இந்தக் குழப்பத்தை நாம் வருடக்கணக்காக அனுபவித்து வருகிறோம். கலப்படத்தையும் கெட்டுப்போன இறைச்சியையும் பிடிக்க உதவும் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் நம் ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டம்; ரேஷன் தானியத்தை உரிமையாக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டமும் உணவுப் பாதுகாப்புச் சட்டம். உணவகத்தில் சோதனை நடத்தும் அதிகாரிக்கும் பட்டினி கிடக்கும் குடும்பத்தின் அரிசிக்கும் ஒரே பெயர். ஒன்று உணவின் தூய்மை பற்றியது, மற்றது உணவு கிடைப்பது பற்றியது. சட்டத்தின் பெயரிலேயே இப்படியென்றால் செய்தித்தாளைக் குறை சொல்லி என்ன பயன்?

'சூழல்சார் பாதுகாப்பு' என்று ஒட்டுப்போடுகிறார்கள் சிலர். 'சார்' என்பது எதையும் தெளிவாக்காமல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் பசை. பொருளாதாரம்சார், அரசியல்சார், சமூகம்சார் என்று எழுதி எழுதி, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தையே விட்டுவிட்டோம். 'உத்தரவாதம்' என்று எழுதுபவர்களும் உண்டு. அது ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் வாக்குறுதி. கடல் யாருக்கும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. அப்படியே 'செக்யூரிட்டி' என்று விட்டுவிடலாமே என்பது மூன்றாவது யோசனை. சென்னையில் 'செக்யூரிட்டி' என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவரை அழைக்கும் சொல்லை வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுபோக முடியாது.

தூய தமிழ் வேண்டும் என்பதற்காக நான் வாதிடவில்லை. 'பிராந்தியம்' வடசொல், அதை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். 'வட்டாரம்' என்று போட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் நினைவுக்கு வரும், 'மண்டலம்' என்றால் மாநகராட்சி மண்டலம் வரும். தெளிவு கெடுமானால் தூய்மை எனக்கு வேண்டாம். இந்த ஒரு கருத்துக்கு மட்டும் தெளிவான சொல் பழைய தமிழில்தான் இருக்கிறது: ஏமம்.

'பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம் அணியென்ப நாட்டிற்கிவ் வைந்து' என்பது 738ஆம் குறள். ஏமத்துக்கு உரைகள் காவல் என்றே பொருள் சொல்கின்றன; அதை மறைத்து வாதாடுவது நேர்மையல்ல. ஆனால் அந்தச் சொல் நிற்கும் மற்ற இடங்களையும் பார்க்க வேண்டும். 306ஆம் குறளில் வருவது 'இனமென்னும் ஏமப் புணை'. புணை என்றால் தெப்பம். புணை யாரையும் எதிர்த்து நிற்பதில்லை. அது நம்மை மூழ்காமல் சுமக்கிறது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் 'எல்லா உயிர்க்கும் ஏமம் ஆகிய நீர் அறவு அறியாக் கரகத்து' என்று வருகிறது. ஏமத்தை நீரோடு கூட்டினாலும் சரி, கரகம் ஏந்திய இறைவனோடு கூட்டினாலும் சரி, அங்கே வேலும் இல்லை, வாளும் இல்லை. வற்றாத நீர்தான் இருக்கிறது.

வள்ளுவரின் நாடு அதிகாரம் முழுவதுமே இந்தப் புதிய சிந்தனையின் பழைய வடிவம். 737ஆம் குறள் இருபுனல், மலை, வருபுனல், வல்லரண் என்று அடுக்குகிறது. கோட்டையையும் நீரையும் ஒரே பட்டியலில் வைக்க அவருக்குத் தயக்கமில்லை. அதைவிட வியப்பு 733: 'பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி'. பிற நாடுகள் சுமந்த பாரமெல்லாம் ஒருசேரத் தன்மேல் வரும்போது தாங்குவது நாடு. அந்தப் பாரம் மக்கள் கூட்டமும் ஆடுமாடுகளும்தான் என்றும், பகையாலும் கொடுங்கோலாலும் உணவின்மையாலும் வருபவர்களைத் தம் ஊரில் இருந்ததைப் போல இனிது இருக்கச் செய்ய வேண்டும் என்றும் பரிமேலழகர் விளக்குகிறார். 'மக்கள்தொகை வெடிப்பு' என்று வெடிமருந்து வாசனையோடு எழுதுகிறோமே, மக்களை வெடிபொருளாக்கும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'பொறை' எவ்வளவு மனிதத்தன்மையோடு நிற்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) தரும் இந்தியாவின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2.0. வெடிப்பு என்று இனியும் எழுதுவதற்கு எண்களும் இடம் கொடுக்கவில்லை.

ஏமம் என்று வைத்துப் படித்தால் நடந்த வரலாறு விளங்குகிறது. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மீட்பில் மெத்தனம் காட்டிய பாகிஸ்தான் அரசின் மீது மூண்ட கோபமும் சேர்ந்து டிசம்பர் தேர்தலில் கிழக்கின் கட்சியான அவாமி லீக் வென்றது; மறு ஆண்டு போர், ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள், வங்கதேசம் என்ற ஒரு புதிய நாடு. பாகிஸ்தானிடம் பாதுகாப்புப் படை இருந்தது, கிழக்கின் மக்களுக்கு ஏமம் இல்லை. பாக் நீரிணையிலும் அப்படியே. இழுவை மடிகள் கடலடியைச் சுரண்டியதால் மீன் குறைந்தது. குறைந்த மீனைத் தேடி நம் படகுகள் எல்லை தாண்டுகின்றன. பிறகு கைது, படகுப் பறிமுதல், தில்லிக்கும் கொழும்புக்கும் கடிதங்கள். இதைக் 'கடல் பாதுகாப்பு' என்று எழுதும்போது கடற்படைதான் கண்ணுக்குத் தெரிகிறது. 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது நகரத்தை எந்தப் பகைவனும் முற்றுகையிடவில்லை. நமக்கு இல்லாமல் போனது நீர் ஏமம்.

ஏமம் என்றால் 'ஏமாற்றம்' நினைவுக்கு வருகிறதே என்று கேட்கிறார்கள். கேட்கலாம். ஆனால் பழக்கம் அதைச் சரிசெய்யும். 'நெகிழி' வந்தபோதும் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். முதல் முறை பயன்படுத்தும்போது அரை வரி விளக்கம் கொடுத்தால் போதும். படை, எல்லை, ஐ.நா. அவை ஆகியவற்றுக்குப் 'பாதுகாப்பு' அப்படியே இருக்கட்டும். காட்டையும் ஆற்றையும் காப்பதற்கும் அதுவே இருக்கட்டும். உணவு, நீர், சூழல் ஆகியவற்றில் மனிதரின் அச்சமற்ற நிலையைச் சொல்லும் இடத்தில் மட்டும் உணவு ஏமம், நீர் ஏமம், சூழல் ஏமம் என்று எழுதுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். வீட்டைக் கடல் தின்றதால் பக்கத்து ஊருக்குப் போனவரைப் 'புலம்பெயர்ந்தவர்' என்று எழுதாதீர்கள். ஈழத்தமிழர்கள் நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவரை இடம்பெயர்ந்தோர் என்றும், நாட்டை விட்டுப் போனவரைப் புலம்பெயர்ந்தோர் என்றும் பிரித்து எழுதுகிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட வேறுபாடு அது. 'காலநிலை அகதி' என்பதும் கவனமாகக் கையாள வேண்டிய சொல். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை புயலையும் உப்பேறிய வயலையும் அகதி நிலைக்குக் காரணமாக ஏற்பதில்லை, இந்தியா அதில் கையெழுத்திடவும் இல்லை. கங்கை நீரைப் பங்கிட 1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு 30 ஆண்டுக் காலவரம்பு. 2026 டிசம்பரோடு அது முடிகிறது. அதையொட்டித் தமிழில் வரும் கட்டுரைகளில், ஆறு தூய்மையாக இருக்கிறதா என்பது ஒரு சொல்லாலும், ஆற்றை நம்பியவர் அச்சமின்றி இருக்கிறாரா என்பது வேறொரு சொல்லாலும் எழுதப்பட வேண்டும்.