ஹாலஜனைக் கழற்றும் முன் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒரு பார்வை

எல்இடி பல்பு மாட்டி எட்டு மாதத்தில் மினுக்கத் தொடங்கினால், பழி பல்பின் மேல்தான் விழுகிறது. பல வீடுகளில் பல்பில் குறையே இருக்காது. சூடான இழையால் ஒளிரும் பழைய ஹாலஜன் பல்புக்காக அமைத்த டிரான்ஸ்ஃபார்மர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், காற்றுப் புகாத கூண்டு ஆகியவற்றோடு எல்இடியைச் சேர்த்து மாட்டியிருப்பார்கள். எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை பல்புப் பெட்டியின் மேல் இருக்கிறது. மீதி கூரைக்குள் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கூடத்தில் 50 வாட் ஹாலஜன் ஸ்பாட்லைட் ஆறு இருந்தால் மொத்தம் 300 வாட். தினம் 5 மணி நேரம் எரிந்தால் 1.5 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 547 யூனிட். அதே இடத்தில் 5 வாட் எல்இடி ஆறு போட்டால் ஆண்டு முழுக்க 55 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஹாலஜனின் ஆயுள் பெரும்பாலும் 2,000 மணி நேரம்; இந்தப் பயன்பாட்டில் ஓராண்டு சொச்சம். 15,000 மணி நேரம் என்று போட்ட எல்இடி எட்டு ஆண்டு வரும், அதற்கு ஏற்ற இடம் கிடைத்தால். எனவே சிக்கனத்தில் போட்டியே இல்லை.

வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தின் அளவான லூமெனைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் வேண்டுமென்றால் 800 லூமென், 100 வாட்டுக்கு 1,500 முதல் 1,600 லூமென். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வீட்டு மின்சாரத்திலேயே எரியும் 50 வாட் ஸ்பாட்லைட்டுக்கு 350 லூமென் அளவு போதும், ஆனால் கோணம் முக்கியம். பழைய ஹாலஜன் ஸ்பாட் பெரும்பாலும் 36 டிகிரிக்குள் ஒளியைக் குவிக்கும். 100 டிகிரிக்கு விரியும் எல்இடியை அங்கே மாட்டினால் அறை முழுக்க மங்கலாகப் பரவி, மேஜைக்கு வேண்டிய வெளிச்சம் வராது. "எல்இடி வெளிச்சம் போதவில்லை" என்ற புகார்களில் கணிசமானவை இந்தக் கோணக் கோளாறுதான்.

இனி ஆயுளுக்கு வருவோம். ஹாலஜனுக்குச் சூடு பகையல்ல. ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் கரியாகப் படியாமல் இழைக்கே திரும்ப வேண்டுமென்றால், அதன் குவார்ட்ஸ் கண்ணாடி சுமார் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தாக வேண்டும். எல்இடியோ நேர்மாறு. ஒளியோடு சேர்ந்து வெப்பம் முன்பக்கம் வெளியேறாது. அத்தனையும் பல்பின் கழுத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இறங்குகிறது. மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட் இருப்பதும் அங்கேதான். அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். செத்துப்போன எல்இடி பல்பின் மூடியைத் திறந்தால் இரண்டு காட்சிகளில் ஒன்றைக் காணலாம். ஒன்று, கெபாசிட்டரின் தட்டையான தலை உப்பியிருக்கும். இல்லையென்றால், மஞ்சள் சில்லுகளில் ஒன்றின் நடுவில் சிறு கரும்புள்ளி இருக்கும். சில்லுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலே மொத்த வரிசையும் அணைந்துவிடும்.

ஆகவே மூடிய கண்ணாடிக் கூண்டு, காற்றோட்டம் இல்லாமல் கூரையில் பதித்த டவுன்லைட் என்றால், மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்ட எல்இடியை மட்டும் வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் வெப்பத்தடுப்புப் பஞ்சு பரப்பியிருந்தால் விளக்கின் தலைமேல் அது படியக் கூடாது. ஹாலஜன் எரிந்த காலத்தில் அது தீ அபாயம், இப்போது ஆயுளைத் தின்கிறது.

அதிகம் தவறு நடப்பது 12 வோல்ட் ஸ்பாட்லைட்டில். இரண்டு ஊசிக்கால் உள்ள எம்ஆர்16 பல்பு இருந்தால் அதன் பின்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் எலெக்ட்ரானிக் வகை. ஓட்டை வழியே அதை வெளியே இழுத்து லேபிளைப் படியுங்கள். 20–60 வாட் என்று இருந்தால், குறைந்தது 20 வாட் பளு இல்லாமல் அது ஒழுங்காக ஓடாது என்று பொருள். 50 வாட் ஹாலஜன் இருந்த இடத்தில் 5 வாட் எல்இடியை மாட்டினால் அது ஓடி, நின்று, மறுபடி ஓடும். நம் கண்ணுக்கு அது மினுக்கல். நாலைந்து எல்இடியை ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் சேர்த்து 20 வாட்டைத் தொட்டாலும் நிச்சயமில்லை. எல்இடிக்குள் இருக்கும் சர்க்யூட் மின்சாரத்தை விட்டுவிட்டு இழுப்பதால் சில டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒத்துழைக்காது.

நிலையான தீர்வு டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதுதான். 12 வோல்ட் டிசி தரும் எல்இடி டிரைவர் ஒன்றைப் போடுங்கள். பல்புகளின் மொத்த வாட்டைவிட 20 சதவீதமாவது கூடுதல் திறன் இருக்கட்டும். பல்பிலும் 12 வோல்ட் டிசி என்ற குறிப்பு இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு முறுக்கிப் பூட்டும் ஜியூ10 ஹோல்டர் போட்டு வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுப்பது இன்னொரு வழி. ஆனால் 12 வோல்ட் உலோக வளையங்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. எர்த் இல்லாமல் அந்த உலோகத்துக்குள் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுபோகவே கூடாது. குளியலறை ஷவருக்கு மேலே 12 வோல்ட்டை மாற்றாதீர்கள்.

டிம்மரும் இதே கதை. மின் அலையின் முன்பகுதியை வெட்டும் பழைய லீடிங் எட்ஜ் டிம்மர்கள் பலவற்றுக்கு 40, 60 வாட் குறைந்தபட்சப் பளு தேவை. டிம்மருக்கு ஏற்றதல்லாத எல்இடியை அதில் மாட்டினால் இரையும், துடிக்கும், சீக்கிரம் போகும். எல்இடிக்கென்று வரும், அலையின் பின்பகுதியை வெட்டும் டிரெய்லிங் எட்ஜ் டிம்மரும் டிம்மருக்கு ஏற்ற பல்பும் ஜோடியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. மங்கலாக்கும்போது ஹாலஜன் பொன்னிறமாகக் கனியும், எல்இடி அதே நிறத்தில் மங்கும். அந்தப் பொன்னிறம் வேண்டுமென்றால் வார்ம் டிம் என்று வரும் வகையைத் தேட வேண்டும்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி இருட்டில் மங்கலாக ஒளிர்கிறதா? ஸ்விட்சில் சிவப்பு நியான் புள்ளி இருந்தால் அதன் வழியே கசியும் மின்சாரமே காரணமாக இருக்கலாம். நீண்ட தூரம் இணையாக ஓடும் ஒயர்களும் இதைச் செய்யும். ஆனால் ஃபேசுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருந்தாலும் இப்படித்தான் ஒளிரும். இது சாதாரணமல்ல: அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கிறது, பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். ஹாலஜன் இழையைச் சூடாக்க அந்தச் சிறு மின்சாரம் போதாததால் தவறு இத்தனை காலம் மறைந்தே இருந்திருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து ஸ்விட்சுக்கு ஃபேஸ்தான் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஹாலஜனுக்கு நெருக்கமானது 2700 முதல் 3000 கெல்வின்; எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாகும். சமையல் மேடைக்கு 4000 நன்றாக இருக்கும். படுக்கையறையில் 6500 வேண்டாம். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு சிஆர்ஐ; ஹாலஜனில் அது கிட்டத்தட்ட 100, சாதாரண எல்இடியில் 80. துணியின் சிவப்பும் முகத்தின் நிறமும் வெளுத்துத் தெரிவது இதனால்தான். கண்ணாடி முன்னும் அலமாரியிலும் 90-க்கு மேல் உள்ளதைப் போடுங்கள்.

வெளிப்புற ஃபோகஸ் விளக்கின் நீளமான ஆர்7எஸ் ஹாலஜன் குழாய்க்கு 78, 118 மில்லிமீட்டர் நீளத்தில் எல்இடி மாற்று கிடைக்கிறது. நீளம் சரியாக இருந்தாலும் தடிமனால் கண்ணாடி மூடாமல் போவதுண்டு. அங்கே மொத்த விளக்கையும் எல்இடியாக மாற்றுவதே மேல்.

சமையலறை ஓவனுக்குள் மட்டும் எல்இடி வேண்டாம். அந்த வெப்பத்தை எந்த டிரைவரும் தாங்காது. 300 டிகிரி குறியிட்ட ஹாலஜனே அங்கு சரி. பிளக்கைப் பிடுங்கி, ஓவன் ஆறிய பிறகு, காகிதத்தால் பிடித்து மாட்டுங்கள். வெறும் விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு குவார்ட்ஸில் ஒட்டி, சூட்டில் அந்த இடம் பால் நிறமாகிப் பலவீனப்பட்டு விரிசல் விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள்.