மூன்று மணி நேரத் தூக்கத்தோடு மேடையில் ஏறாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு நாடகத்தின் தொழில்நுட்ப ஒத்திகை, அதாவது விளக்கு, ஒலி, காட்சி மாற்றங்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஒத்திகை, அதன் ஐந்தாம் நாள். காட்சி மாற விளக்குகளை அணைக்கும் பிளாக்அவுட்டில் ஒரு நாற்காலியை இடம் மாற்ற ஓடிய உதவி மேடை மேலாளர், மேடை விளிம்பு தெரியாமல் இசைக்குழுப் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டாள். கணுக்கால் முறிவு. வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "என் தப்புதான் அக்கா, கொஞ்சம் அசந்துட்டேன்" என்றாள். முதல் நாள் ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினாய் என்று கேட்டேன். மூன்று மணி நேரமாம். அதற்கு முந்தைய ராத்திரி? ஞாபகம் இல்லையாம்.

இந்த வருடத்தில் நான் கேள்விப்படும் மூன்றாவது விழுதல் இது. விழுந்த மூன்று பேரும் பழியைத் தங்கள் மேல்தான் போட்டுக்கொண்டார்கள். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நாற்காலியை முந்தைய காட்சியிலேயே ஒரு நடிகர் கையோடு கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று மறுநாளே முடிவாகிவிட்டது. ஐந்து நிமிடப் பேச்சு. அதை முதல் நாளே பேச ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேடை மேலாளர் என்றால் யார் என்பதில் இந்தத் துறைக்குள்ளேயே ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: மற்றவர்கள் விட்டுவைத்த வேலையெல்லாம் அவருடையது, தூங்காமல் அதைச் செய்து முடிப்பதுதான் அர்ப்பணிப்பு. இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை. தேநீர் வாங்கிவருவதும், கிழிந்த உடையைத் தைப்பதும், நடிகரின் தொலைந்துபோன கைபேசியைத் தேடுவதும் உதவிகள். செய்யலாம், தவறில்லை. ஆனால் உங்கள் வேலை வேறு. ஒவ்வொரு அசைவையும், விளக்கோ ஒலியோ திரையோ எப்போது மாற வேண்டும் என்ற ஒவ்வொரு க்யூவையும், பிராம்ப்ட் புத்தகம் என்கிற நாடகப் பிரதியில் குறித்து வைக்கிறீர்கள். அரங்கேற்றம் ஆனதும் பெரும்பாலும் இயக்குநர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதன் பிறகு நாடகம் அவர் விட்டுப்போனபடியே ராத்திரிதோறும் நடப்பது உங்கள் பொறுப்பு. ஹெட்செட்டில் நீங்கள் 'ஸ்டாண்ட்பை' என்றால் விளக்குக்காரரின் விரல் பொத்தானுக்குப் போகும், 'கோ' என்றால் அழுத்தும். (ஹெட்செட்டில் வெட்டிப்பேச்சிலும் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். எங்கோ ஒரு திரை இறங்கிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.) தலைக்கு மேலே கனமான காட்சித்திரை இறங்கும் நேரத்தில் கீழே யாரும் இல்லை என்று பார்ப்பதும் நீங்கள்தான். அந்தக் கண்ணுக்குத் தூக்கம் வேண்டாமா?

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல மந்தமாகிவிடுகின்றன என்பது சோதனைகளில் தெரியவந்த விஷயம். குடித்துவிட்டு ஒருவர் க்யூ கொடுக்க வந்தால் உள்ளே விடுவோமா? தூங்காமல் வந்தவரை மட்டும் கைதட்டி வரவேற்கிறோம்.

இத்தனைக்கும் நாம் நேரத்தை நிமிடக்கணக்கில் பார்க்கிறவர்கள். பிரிட்டிஷ் வழக்கத்தில் நடிகர்களுக்கான 'அரைமணி' அழைப்பைத் திரை உயர 35 நிமிடம் இருக்கும்போதே கொடுப்பார்கள், முதலில் மேடையேறுபவர்கள் 5 நிமிடம் முன்பே தயாராக நிற்க வேண்டும் என்பதற்காக. இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள் சொந்தத் தூக்கத்தை மட்டும் எண்ணுவதில்லை.

'எது நடந்தாலும் காட்சி நிற்கக் கூடாது' என்ற வசனமும் வேண்டாம். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வாய் தியேட்டரில் ஒரு விளக்கின் பொறி துணியில் பற்றியது. தீ பரவாமல் தடுக்க இறக்கிய பாதுகாப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காட்சியை நிறுத்தும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. சந்தேகம் வந்தாலே நிறுத்துங்கள், மன்னிப்பைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இருட்டில் ஓடாதீர்கள், நடங்கள். நடக்க நேரம் போதவில்லை என்றால் அந்தக் காட்சி மாற்றமே தவறு, இயக்குநரிடம் சொல்லுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், உங்களுக்குக் கிடைப்பதோ சில விநாடி. விளக்கு அணையும் முன்பே ஒரு கண்ணையாவது மூடி வைத்திருங்கள். விளிம்பிலும் படிகளிலும் ஒளிரும் டேப் ஒட்டினால் போதாது, காட்சிக்கு முன் டார்ச் காட்டி அதற்கு வெளிச்சம் ஏற்ற வேண்டும். பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை உதவியாளர்கள்? ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்க இடையில் எத்தனை மணி நேரம்? ராத்திரி வீட்டுக்குப் போக வண்டி உண்டா? இதைக் கேட்டதற்காக ஒருவர் வேலை தர மறுத்தால் நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று. நடிகராகவோ இயக்குநராகவோ ஆவதற்கான காத்திருப்பு அறை என்று நினைத்து இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கசந்துபோகிறார்கள். இதற்கென்றே பாதைகள் உண்டு. நடனத்துக்குப் போனால் வசனம் கைகொடுக்காது, தாளத்தை எண்ணித்தான் க்யூ. ஓபராவுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிய வேண்டும், அதை இருபதுகளிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஆட்களையும் வரவுசெலவையும் நிர்வகிப்பது பிடித்தால் தயாரிப்பு மேலாளராகலாம். நிறுவன விழாக்களில் பெரும்பாலும் பணம் அதிகம், நாடகம் தரும் நிறைவு குறைவு என்பது என் எண்ணம். குழந்தை பிறந்த பிறகு அதற்கு மாறிய தோழிகளை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், தம்பி தங்கைகளே. இந்தத் துறையை விட்டுப் போகும் முடிவைத் தொழில்நுட்ப வாரத்தில் எடுக்காதீர்கள். எனக்கு வரும் 'போதும் அக்கா, விட்டுடறேன்' செய்திகளில் பெரும்பாலானவை அந்த வாரத்து ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பியவை. நாடகம் முடியட்டும், பத்து நாள் தூங்குங்கள். அப்போதும் அதே எண்ணம் இருந்தால் கூப்பிடுங்கள், கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.