ஜெம்பே கற்கும் கைகள்: வீக்கத்தைப் பெருமையாகக் கருதாதீர்கள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவின் தலைநகர் கொனாக்ரியில், கையால் வாசிக்கும் மேளமான ஜெம்பேயை இரண்டு வாரம் பயின்றுவிட்டு பாரிஸ் திரும்பிய ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இயன்முறை சிகிச்சை அறைக்கு வந்து, இரு கைகளையும் மேசைமீது விரித்து வைத்தார். விரல்களின் அடிமூட்டுகள் வீங்கியிருந்தன. நடுவிரலின் அடியில் தோல் பிளந்து காய்ந்திருந்தது. வலக்கையில் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டை மெல்ல அழுத்தியதுமே முகம் சுளித்தார். ஆனால் அவர் பேச்சில் கவலையைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வாசித்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவர், மூன்றாம் நாள் மாலை சிறுநீர் கறுப்பு டிக்காஷன் நிறத்தில் போனதாகவும், வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்ததால் அப்படி ஆகியிருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் போகிறபோக்கில் குறிப்பிட்டார். நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அதை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னேன்.

கையால் தோற்கருவி வாசிப்பவர்களிடம் இது மருத்துவ உலகம் அறிந்த ஒன்றுதான். தோலுக்குக் கீழே கட்டையின் விளிம்பு, மேலே கையெலும்பு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ளங்கையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் மீண்டும் மீண்டும் நசுங்கும்போது அவற்றில் ஓடும் சிவப்பணுக்கள் உடைகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் ஹீமோகுளோபினைக் குருதியிலுள்ள ஹாப்டோகுளோபின் என்னும் புரதம் ஓரளவுக்குப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த அளவைத் தாண்டியது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால்தான் சிறுநீர் செம்பழுப்பாகவோ கறுத்தோ போகிறது. நெடுந்தொலைவு அணிவகுத்து நடக்கும் படைவீரர்களுக்கும், நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கும் பாதத்தில் நிகழ்வது இவர்களுக்குக் கையில் நிகழ்கிறது. பெரும்பாலும் ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். எனினும் உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு இது சிறிய சுமையன்று. கடும் உழைப்பால் தசை நார்கள் சிதைந்தாலும் சிறுநீர் இதே நிறத்தில்தான் போகும் என்பதால், வெறும் கண்ணால் பார்த்து எவராலும் காரணத்தைப் பிரித்தறிய முடியாது.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்தவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். கடுமையான மலேரியாவிலும் சிறுநீர் கறுக்கும். அங்குள்ள ஆற்றிலும் குளத்திலும் இறங்கிக் குளித்தவர்களுக்கு நத்தைவழி பரவும் புழுநோயாலும் சிறுநீரில் குருதி கலக்கும். ஆகவே மேளத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எங்கே போயிருந்தீர்கள், எத்தனை மணி நேரம் வாசித்தீர்கள், காய்ச்சல் இருந்ததா என்ற மூன்றையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி, கை இந்த நிலைக்கு ஏன் போகிறது என்பதைப் பார்ப்போம். ஜெம்பே, மேல் நைஜர் ஆற்றுப் பகுதியான இன்றைய கினியா, மாலி நாடுகளில் வாழும் மாண்டிங் மக்களின் கருவி. ஒரே மரத்துண்டைக் கிண்ண வடிவில் குடைந்து, மேலே ஆட்டுத்தோலைப் போர்த்தியிருப்பார்கள். அதைக் குடைவது வழிவழியாக நுமு எனப்படும் கொல்லர்களின் வேலை. இதில் அடிப்படை ஒலிகள் மூன்று. நடுவில் முழு உள்ளங்கையும் பட்டு எழுவது பேஸ். விளிம்பருகே விரல்கள் ஒட்டியபடி விழுந்து எழுவது டோன். ஏறக்குறைய அதே இடத்தில், தளர்ந்த விரல்கள் சவுக்கின் நுனிபோல் பட்டுத் தெறிக்கும்போது எழுவது ஸ்லாப். டோனையும் ஸ்லாப்பையும் பிரித்துக் காட்டுவது பலம் அன்று, கையின் வடிவமே. புதிதாகக் கற்பவருக்கு ஸ்லாப் எளிதில் பிடிபடாது. பிடிபடாதபோது அவர் கையை இறுக்கிக்கொண்டு ஓங்கி அடிக்கிறார். அடிமூட்டுகள் நேராக விளிம்பில் மோதுகின்றன. சிலர் விரல்களில் டேப் சுற்றிக்கொண்டு தொடர்கிறார்கள். தோல் பிளப்பதை டேப் தடுக்கலாம், ஆனால் நிறுத்தச் சொல்லி எச்சரிக்கும் வலியையும் சேர்த்து மறைத்துவிடுகிறது என்பதால் நான் அதை ஊக்குவிப்பதில்லை.

கருவி வந்த வழிக்கும் இதில் பங்குண்டு. 1958-ல் விடுதலை பெற்ற கினியா, கிராமங்களில் மணிக்கணக்கில் நீளும் ஆட்டங்களை மேடைக்கெனச் சுருக்கி, தேசிய நடனக் குழுக்கள் வழியாக உலகெங்கும் அனுப்பியது. கினியாவின் ஹமானா வட்டாரத்தைச் சேர்ந்த ஜெம்பே கலைஞர் ஃபமுது கொனாத்தே 1959-ல் அத்தகைய குழுவொன்றில் சேர்ந்தார். 1964-ல் மற்றொரு தேசியக் குழுவில் இளைஞராகச் சேர்ந்த இன்னொரு ஜெம்பே கலைஞர் மமாடி கெய்த்தா, 1991-ல் பிரஸ்ஸெல்ஸில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். இரும்பு வளையங்களும் செயற்கைக் கயிறும் வந்தபின், தோலை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இறுக்க முடிந்தது. கூர்மையான அந்த ஒலி கேட்க அழகுதான். ஆனால் அந்த அழகு, சிறுவயது முதல் கேட்டும் ஆடியும் பழகிய கைக்கு உரியது. அலுவலகத்தில் விசைப்பலகை தட்டும் கையை இரண்டு வாரத்தில் அதற்குப் பழக்கிவிட முயல்கிறோம்.

நான் பார்த்த வரையில் நல்ல ஆசிரியர்கள் மாணவரை உடனே ஜெம்பேயின் முன் உட்கார வைப்பதில்லை. முதலில் டுனுனைக் கொடுக்கிறார்கள். கென்கெனி, சங்பான், டுனுன்பா என மூன்று அளவுகளில் உள்ள இந்த உருளை மேளங்களைக் குச்சியால் வாசிப்பார்கள். தாளத்தின் இன்னிசை இவற்றில்தான் இருக்கிறது. அதோடு ஆடவும் சொல்கிறார்கள். குழுவில் முன்னணியாகத் தனித்து வாசிப்பவர் ஆடுபவரின் பாதத்தைப் பார்த்தே அடியை முடிவு செய்வதால், ஆடிப் பழகாதவருக்கு எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பது விளங்குவதில்லை. விளங்காத கை எல்லா அடியையும் ஒரே வேகத்தில் ஓங்கி அடிக்கிறது.

ஆட்டத்திலும் காயம் உண்டு. முழங்கால் மடங்கி, இடுப்பிலிருந்து உடல் முன்சாய்ந்து, வெறுங்காலால் நிலத்தை மிதிக்கும் இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் மண் முற்றங்களில் வளர்ந்தவை. நகரத்தில் சிமெண்டுத் தரைமீது மெல்லிய விரிப்பு ஒட்டிய கூடத்தில் அதே குதிப்பை ஒன்றரை மணி நேரம் செய்தால், முழங்கால் சில்லின் கீழும் குதிகாலின் தசைநாணிலும் வலி தொடங்குவதில் வியப்பில்லை. மரத்தளம் உள்ள கூடத்தைத் தேடுங்கள். முதல் மாதம் குதிப்பைத் தவிர்த்து நடையை மட்டும் பழகுங்கள்.

காதைப் பற்றி ஒரு சொல். மூடிய அறையில் பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது அரிதன்று. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான் என்று அமெரிக்கத் தொழில்நல வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதப்படுத்தாத தோல் வேறு வகை ஆபத்து. 2006-ல் நியூயார்க்கில் மேளம் செய்யும் கலைஞர் ஒருவருக்கு, ஐவரி கோஸ்ட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டுத்தோலைச் சுரண்டும்போது ஆந்த்ராக்ஸ் என்னும் பாக்டீரியா நோய் தொற்றியது, அவர் பிழைத்தார். 2008-ல் லண்டனில் மேளம் செய்பவர் ஒருவர் இதே நோயால் இறந்தார். ஏற்கெனவே தோல் போர்த்திய மேளத்தை வாசிப்பதில் இந்த ஆபத்து மிகக் குறைவு. முடி நீக்கப்படாத பச்சைத்தோலை வாங்கி வந்து, வீட்டு பால்கனியில் சவரக்கத்தியால் மழிப்பதையே நான் சொல்கிறேன். அதைத் தவிர்த்து, முறையான சான்றுடன் இறக்குமதியான தோலைப் பயன்படுத்தும் பட்டறையிடம் விடுங்கள்.

அந்த நோயாளிக்கு மலேரியா இல்லை. சிறுநீரகமும் நன்றாக இருந்தது. சுண்டுவிரல் பக்க மேட்டில் ஓடும் தமனி அடிபட்டு அடைபடக்கூடியது என்பதால் அதையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சேதம் ஏதும் இல்லை. ஆறு வாரம் கையால் வாசிக்கக் கூடாது என்றதும் முகம் வாடியவர், அடுத்த முறை வந்தபோது தம் ஜெம்பேயையும் தூக்கிவந்தார். மேல் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே இருக்க வேண்டிய இரும்பு, ஏறக்குறைய விளிம்பின் மட்டத்திலேயே இருந்தது. மறுநாளே அதைப் பட்டறையில் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்வரை ஒரு கென்கெனியை வாடகைக்கு எடுத்துக் குச்சியால் வாசித்துக்கொண்டிருந்தார்.