ஸ்பேஸ் பாருக்கு அடங்காத எடிட்டர்

கட்டுரை, ஆய்வேடு எழுதப் பயன்படும் லிக்ஸ் (LyX) என்ற எடிட்டரைத் திறந்து முதல் பத்தியை அடித்தபோது கீபோர்டு கெட்டுவிட்டதோ என்றுதான் நினைத்தேன். ஸ்பேஸ் பாரை இரண்டு தட்டு தட்டினால் ஒரு இடைவெளிதான் விழுகிறது. என்டரை எத்தனை முறை அமுக்கினாலும் வெற்று வரி வருவதில்லை. திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு செய்தி: இப்படி இரண்டு இடைவெளி போட முடியாது, பயிற்சிக் கையேட்டைப் படியுங்கள்.

வேர்டில் பழகிய கைக்கு இது அடாவடிதான். ஆனால் லிக்ஸ் திரையில் காட்டுவது பக்கத்தையே அல்ல. 1995-இல் மத்தியாஸ் எட்ரிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய மென்பொருள் இது. (லினக்ஸ்காரர்களுக்குத் தெரிந்த கேடிஇ (KDE) என்ற டெஸ்க்டாப் சூழலை மறு வருடம் தொடங்கியவரும் அவரே.) இது தலைப்பு, இது தேற்றம், இது சூத்திரம் என்று நாம் சொல்வதை மட்டும் அது குறித்து வைத்துக்கொள்ளும். பிடிஎஃப் கேட்டால் எல்லாவற்றையும் லாடெக் (LaTeX) என்ற ஆவணக் குறியீட்டு மொழியில் எழுதி, பக்கத்தை அச்சுக்கோக்கும் டெக் (TeX) என்ற நிரலிடம் கொடுத்துவிடும்.

டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக், பத்தியை வரிவரியாக மடிப்பதில்லை. பத்தி முழுவதையும் பார்த்து, எங்கெங்கே மடித்தால் இடைவெளி சீராக விழும் என்று கணக்குப் போடும். கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் முதல் வரியின் மடிப்பேகூட மாறலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் பத்தி இப்படிக் குலுங்கினால் யார் எழுதுவது? அதனால்தான் திரையில் ஒன்று, தாளில் ஒன்று.

கன்ட்ரோலையும் எம்மையும் சேர்த்து அமுக்கிச் சூத்திரப் பெட்டிக்குள் போனால் கதை தலைகீழ். அங்கே ஸ்பேஸ் பார் இடைவெளி போடாது. ஒரு படி வெளியே கூட்டிவரும். எக்ஸின் வர்க்கத்தோடு 1 கூட்ட வேண்டும் என்று வையுங்கள். எக்ஸ், ^, 2 அடித்துவிட்டு ஸ்பேஸைத் தட்டாமல் +1 அடித்தால், அதுவும் அடுக்கிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரத்தில் நான் செய்த தவறுகளில் பாதி இதுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. பிடிஎஃப் ஆக்க வழக்கமாக ஓடும் டெக் வகையான பிடிஎஃப்லாடெக்குக்குத் தமிழ் எழுத்து சரிப்பட்டு வராது. ஆவண அமைப்பில் எழுத்துருப் பகுதிக்குப் போய், டெக் சாராத எழுத்துருக்களைத் தேர்ந்தெடுத்து, ஸீடெக், லுவாடெக் என்ற வேறு டெக் வகைகளில் ஒன்றில் ஓட்ட வேண்டும். புதிதாக ஏதாவது லாடெக் பொதியை (கூடுதல் வசதி தரும் கோப்புத் தொகுப்பை) நிறுவினால் 'மறு அமைவு' கொடுத்துவிட்டு லிக்ஸை மூடித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்படி ஒன்று வந்திருப்பதே அதற்குத் தெரியாது.

அப்புறம், பிழைகள். வரிசையாகப் பத்து வந்தாலும் முதல் பிழையை மட்டும் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் வால். அது காட்டும் இடத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒருமுறை 60 பக்க ஆய்வேடு பிடிஎஃப் ஆக மறுத்தது. பாதியைக் குறிப்புப் பெட்டிக்குள் தள்ளினேன் (அதில் இருப்பது அச்சுக்குப் போகாது). ஓடியது. அப்படியென்றால் கோளாறு அந்தப் பாதியில். அதில் பாதியை வெளியே எடுத்தேன். இப்படியே 30, 15, 8 என்று சுருக்கிக்கொண்டு போனதில் ஒரு சிவப்புப் பெட்டியில் போய் நின்றது. நேரடி லாடெக் கட்டளைக்கான பெட்டி அது. உள்ளே வண்ண எழுத்தில் '100% சரி' என்று எழுதியிருந்தேன். சாதாரண உரையில் சதவீதக் குறியை லிக்ஸே பக்குவம் செய்து அனுப்பிவிடும்; சிவப்புப் பெட்டிக்குள் மட்டும் கை வைக்காது. டெக்கைப் பொறுத்தவரை அந்தக் குறிக்குப் பிறகு வரியில் இருப்பதெல்லாம் வெறும் குறிப்பு. 'சரி'யோடு, வண்ணக் கட்டளையை மூடும் அடைப்புக்குறியையும் சேர்த்து விழுங்கியிருந்தது.